ராகேல் டீச்சரின் டீம்

ராகேல் டீச்சர் பனையடித்துறை அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு உடற்பயிற்சி பீரியட்கூட உருப்படியாக நடந்ததில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. பத்தாம் வகுப்புக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மாதத்தில் ஒன்றிரண்டு தப்பிப் பிழைக்கும். மற்றபடி பி.டி. மணி அடித்ததும் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் டீச்சர் நிற்பார், கையில் கணக்குப் புத்தகத்தோடு. பி.டி. மாஸ்டர் யேசுரத்தினம் தங்கமான மனிதர். "எடுத்துக்கிடுங்க டீச்சர், வெயிலும் கூடுதலாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவார்.

டீச்சருக்குச் சொந்த ஊர் கொட்டாரம். வயல், தோப்பு, ஞாயிற்றுக்கிழமை தவறாத சபை, பாடகர் குழு என்று வளர்ந்தவர். நாகர்கோவிலில் பஸ் மாறி, முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவில் கிடக்கும் இந்தக் கடற்கரை ஊருக்குத் தினமும் வந்துபோவார். வந்த முதல் வாரமே அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த ஊரில் பந்துக்கு முன்னால் எதுவும் நிற்காது. கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வலையை உலரப்போட்டுவிட்டுப் பந்து தட்டுவார்கள். பூசை முடிந்து வெளியே வரும் பையன்கள் நல்ல சட்டையோடே மணலில் இறங்கிவிடுவார்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நடக்கும் போட்டிக்காக வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள் உண்டு. கணக்கில் இந்தப் பள்ளி பின்தங்கிக் கிடப்பதற்குக் காரணம் பந்துதான் என்று டீச்சர் தீர்மானித்தார். தீர்மானித்ததை ஒன்பது வருடமும் மாற்றிக்கொள்ளவில்லை.

2011 மே மாதம் யேசுரத்தினம் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்த அன்று ஹெட்மாஸ்டர் தாணுலிங்கம் புது டைம்டேபிளை ராகேல் டீச்சரிடம் நீட்டினார். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு பி.டி. பீரியட்களுக்கு நேரே அவர் பெயர் இருந்தது.

"என்ன சார் இது?"

"நீங்கதான் எப்பவும் எடுக்கிய. பேர மட்டும் எழுதிச் சேத்தேன்" என்றார் தாணுலிங்கம். "ரிஜிஸ்டரும் உங்ககிட்டதான். போட்டிக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறதும் நீங்கதான்."

டீச்சருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்ததை இனி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்.

முதல் பி.டி. பீரியடில் அவர் புத்தகத்தோடு போனபோது ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வகுப்பில் இல்லை. மைதானத்தில் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் ரெஜிஷா. கறுத்து மெலிந்த பிள்ளை, இடது கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு பழைய பந்து.

"டீச்சர், இது பி.டி. பீரியடு" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"அப்போ புக்கு எதுக்கு டீச்சர்?"

குரலில் துடுக்கு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. டீச்சர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பத்து நிமிடம் விளையாடிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, பூவரசு மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி, திருத்த வேண்டிய தாள்களை மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த ஊரில் பெண்பிள்ளைகள் பதினொன்று பன்னிரண்டு வயது வரைக்கும் பையன்களோடு மணலில் பந்து விளையாடுவார்கள். அதற்குமேல் யாராவது ஒரு அத்தையோ சித்தியோ வீட்டுக்குள் அழைத்துவிடுவார்கள். இந்தக் கூட்டம் மட்டும் அழைத்தும் வராத கூட்டம். கடற்கரையில் இடம் கொடுக்கவில்லையென்றால் பள்ளி மைதானம் என்று வந்துவிட்டார்கள். ரெஜிஷாவின் இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டு போவதை டீச்சர் அன்றைக்குத்தான் பார்த்தார். எதிரே வருகிறவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கோல் கம்பத்துக்கு நடுவில் நின்ற லிஜா நெடுநெடுவென்று வளர்ந்தவள். வகுப்பில் கடைசி பெஞ்சில் கூனிக் குறுகி உட்காருகிறவள், அங்கே கைகளை விரித்து நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் நாற்பது நிமிடமானது. மடியில் இருந்த தாள்களில் இரண்டுதான் திருத்தியிருந்தார்.

ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி வந்தது. பெண்கள் கால்பந்துக்கு இரண்டே பள்ளிகள் பெயர் கொடுத்திருந்தன. மற்றப் பள்ளி வரவே இல்லை. பந்தைத் தொடாமலேயே ஜெயித்து, பனையடித்துறைப் பெண்கள் மாவட்டப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். அக்டோபரில் நாகர்கோவிலில் போட்டி. அதுவரை பொறுப்பு ஆசிரியை என்று கையெழுத்து மட்டும் போட்டுவந்த டீச்சருக்கு, ஒன்றும் தெரியாமல் அங்கே போய் நிற்பது கௌரவக் குறைவாகப் பட்டது. ஒரு மதியம் ரெஜிஷாவையும் லிஜாவையும் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாம் ஏறக்குறைய பிடிபட்டுது. இந்த ஆஃப்சைடு மட்டும் வெளங்கல்ல. சொல்லுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரெஜிஷா மேசையில் டஸ்டரை வைத்து, "இது கோலு" என்றாள். சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி நிறுத்தினாள். "இந்த வெள்ளையெல்லாம் நம்ம ஆளு. மஞ்சளு அவிய. அவிய பந்த முன்னால போடுற நேரத்துல, இந்த மஞ்சளுக்கும் நம்ம கோலுக்கும் எடையில நம்ம ஆளு ரெண்டு பேராவது இருக்கணும். இல்லேன்னா ஆஃப்சைடு."

"ரெண்டு பேர்ல ஒண்ணு நான். கோலி" என்றாள் லிஜா.

டீச்சர் கொஞ்ச நேரம் சாக்பீஸ்களைப் பார்த்தார். மஞ்சளை முன்னும் பின்னும் நகர்த்தினார். "அப்போ பந்து வந்து சேரும்போது அவ எங்க நிக்கிறாங்கிறது கணக்கில்ல. பந்து பொறப்படும்போது எங்க நின்னாங்கிறதுதான்."

"ஆமா டீச்சர்" என்றாள் ரெஜிஷா வியப்போடு. "எங்க அண்ணனுக்கு இது வெளங்க ஆறு மாசம் ஆச்சு."

டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை காலாண்டுத் தேர்வுத் தாள் கட்டைப் பிரிக்கும் வரைதான் நீடித்தது. ரெஜிஷாவுக்குக் கணக்கில் பத்தொன்பது.

நான்கு வருடத்துக்கு முன் பள்ளியில் ஒரு விதி போட்டிருந்தார்கள். தேர்வில் ஒரு பாடத்தில் தோற்றாலும் வெளிப்போட்டிக்கு அனுப்பக் கூடாது. ஆசிரியர் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று அதைக் கொண்டுவந்தது ராகேல் டீச்சர். பதிவேட்டில் அது அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. அதைத் தாணுலிங்கம் எடுத்துக் காட்டினார்.

"ரூல் போட்டது நீங்க. மார்க் போட்டதும் நீங்க. நடுவுல நான் யாரு?"

"அந்தப் பிள்ள இல்லாம டீம் இல்ல சார்."

"அதுக்கென்ன. ஒரு டெஸ்ட் வச்சு முப்பத்தஞ்சு போட்டு விடுங்க. யாரு கேக்கப் போறா?"

"மார்க்க மாத்த மாட்டேன். ரூல மாத்துங்க சார்."

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது எந்த ஊரு நியாயம் டீச்சர்?"

"கணக்குல தோத்தவளுக்குக் கணக்கத்தான் கூடுதலா குடுக்கணும். அவளுக்கு நல்லா வர்ற ஒண்ணையும் பிடுங்கிட்டா கணக்கு வந்துராது. நானும் இத்தன வருசமாப் பிடுங்கிப் பாத்துட்டேன். வரல்ல."

தாணுலிங்கம் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. அரையாண்டுல அவ தோத்தா உங்களத்தான் கேப்பேன்."

எழுதிக் கொடுத்தார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வீட்டிலிருந்து சம்மதக் கையெழுத்து வேண்டும். ரெஜிஷாவின் அப்பா கடலில் இருந்தார், திரும்ப இன்னும் பத்து நாளாகும். அம்மா வேளாங்கண்ணி கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அன்று சாயங்காலம் டீச்சர் பஸ்ஸுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

வேளாங்கண்ணி மீன் விற்றுத் திரும்பி, அலுமினியப் பாத்திரத்தை வாசலில் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். நாற்காலி வந்தது. காப்பி வேண்டாம் என்று சொல்லியும் வந்தது.

"தோத்த பிள்ள போவாண்டாம் டீச்சரே" என்றாள் வேளாங்கண்ணி. "படிப்புக்கு அடுத்துதான் பந்துகளி."

"நான் ஹெட்மாஸ்டர்கிட்ட பேசிட்டேன். அவள நான் பாத்துக்கிடுவேன்."

வேளாங்கண்ணி கழுவிய பாத்திரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"போன வருசம் நீங்கதான் என்ன ஸ்கூலுக்கு விளிச்சிய. பந்து பந்துன்னு அலையுதா, அதான் மார்க்கு இல்லன்னு சொன்னிய. எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரத்துல வீட்டுல கெடந்த பந்த மீன் வெட்டுற கத்தியால கிழிச்சுப் போட்டேன். அவளுக்க மாமா மஸ்கட்ல இருந்து கொண்டாந்து குடுத்தது. பிள்ள கண்ணீரு விட்டுக் கரையக்கூட இல்ல. மூணு நாளு எங்கிட்ட ஒரு வார்த்த மிண்டல்ல. இப்ப நீங்களே வந்து அனுப்புன்னு சொல்லுதிய. நான் எதக் கேக்க?"

டீச்சர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். இந்தச் சேதி அவருக்குத் தெரியாது. அன்றைக்கு வேளாங்கண்ணியோடு சேர்த்து இன்னும் ஏழெட்டுத் தாய்மாரிடம் அதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

"நான் சொன்னது தப்பு" என்றார். "அவ வெளையாடுறத நான் அப்போ பாத்தது கூட இல்ல. பாக்காமலே சொன்னேன்."

ஒரு டீச்சர் தன் வாசலில் உட்கார்ந்து தப்பு என்று சொல்வதை வேளாங்கண்ணி எதிர்பார்த்திருக்கவில்லை. உள்ளே திரும்பி, "ஏட்டி, அந்தப் பேப்பரக் கொண்டா" என்று கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்த ரெஜிஷா, பேனாவும் கையுமாக வந்தாள்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்கு ரெஜிஷாவுக்குத் தனியாகக் கணக்கு நடந்தது. சாயங்காலம் எல்லாருக்கும் பந்து. இதற்காக டீச்சர் கொட்டாரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டியிருந்தது. வீட்டில் கேட்டபோது ஸ்பெஷல் கிளாஸ் என்றார்.

போட்டி நாளன்று ஆன்ட்ரூஸின் வேனில் பதினான்கு பிள்ளைகளும் டீச்சரும் ஏறினார்கள். ஆன்ட்ரூஸ் ஒரு காலத்தில் ஊர் அணிக்கு நடுவில் ஆடியவன். முழங்கால் போன பிறகு வேன் ஓட்டுகிறான். வாடகை வேண்டாம், டீசல் மட்டும் போதும் என்று தானாக வந்து சொல்லியிருந்தான்.

மைதானத்தில் முதல் சிக்கல் பூட்ஸ். பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது என்றார்கள். அது தெரிந்து அண்ணன்மாரிடமும் பக்கத்து வீட்டுப் பையன்களிடமும் கடன் வாங்கி வந்திருந்தார்கள். ஒன்றும் அளவில் இல்லை. முன்பக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக்கொண்டு இறங்கினார்கள். வெறுங்காலில் மணலில் பறந்த பிள்ளைகள் புல்தரையில், பிறந்து ஒரு மணி நேரமான கன்றுக்குட்டிகள் மாதிரி தள்ளாடினார்கள். முதல் ஆட்டத்தில் எதிரே வந்த பள்ளியும் அப்படியொன்றும் பெரிய டீம் இல்லை என்பதுதான் புண்ணியம். லிஜா இரண்டு முறை தடுத்தாள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ரெஜிஷா இடது காலால் ஓங்கி உதைத்தாள். பூட்ஸும் சேர்ந்து கழன்று பறந்தது. எதிரணி கோலி பூட்ஸைப் பார்த்து அந்தப் பக்கம் பாய்ந்தாள். பந்து இந்தப் பக்கமாக வலைக்குள் போனது.

நடுவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கோல் என்று விசில் ஊதினார். டீச்சர் தன்னையறியாமல் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த கைப்பையும் தண்ணீர்ப் பாட்டிலும் தரையில் உருண்டு கிடந்தன.

அந்த ஒரு கோலில் ஜெயித்து இறுதிக்கு வந்தார்கள். இறுதி ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு. எதிரணி நகரத்துப் பள்ளி. ஒரே நிறத்தில் காலுறை, தனியாகக் கோச், ஐஸ்பெட்டியில் ஆரஞ்சுச் சுளை. முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் ரெஜிஷா மூன்று பேரைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பதில் கோல் போட்டாள். இந்த முறை பூட்ஸ் காலிலேயே இருந்தது. ஒன்றுக்கு ஒன்று. வெயில் சாய்ந்தபோது அவர்களுடைய ஒருத்தி நீளமாக ஒரு பந்தைப் போட, தனியாக முன்னால் நின்ற இன்னொருத்தி அதை வாங்கி லிஜாவைத் தாண்டி உள்ளே தள்ளினாள்.

டீச்சர் அந்த நொடியைத் துல்லியமாகப் பார்த்திருந்தார். பந்து புறப்படும்போது அந்தப் பிள்ளைக்கும் கோலுக்கும் நடுவில் லிஜா ஒருத்திதான். அவருக்குச் சந்தேகமே இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் நடந்தார்.

"சார், அது ஆஃப்சைடு."

நடுவர் இளைஞர். டீச்சர் குடை நுனியால் தரையில் கோடு இழுத்து, இங்கே இவள், அங்கே அவள் என்று புள்ளி வைக்கத் தொடங்கியதும் திகைத்துப்போனார். "டீச்சர், நீங்க கோச்சா?"

"நான் கணக்கு டீச்சர்."

"அப்போ கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லுங்க, ப்ளீஸ்."

மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் தலை நிமிர்ந்தே திரும்பி வந்தார். ஆனால் உட்காரவில்லை. கடைசி நிமிடத்தில் ரெஜிஷா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டுக்கு ஒன்று. முடிந்துவிட்டது.

லிஜா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அழுதார்கள். வடசேரிப் பக்கம் ஒரு கடையில் வேனை நிறுத்தி ஆளுக்கு மூன்று புரோட்டா வாங்கிக் கொடுத்த பிறகு அழுகை நின்று சண்டை தொடங்கியது. யார் யாருக்குப் பந்து கொடுக்கவில்லை, யார் நின்ற இடத்தில் நின்றாள் என்று. டீச்சரும் சேர்ந்துகொண்டார். "எது எப்படியோ, அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடு. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

ஆன்ட்ரூஸ் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "டீச்சர், ஒரு காரியம் சொல்லட்டா?"

"சொல்லும்."

"அந்நேரம் நம்ம பெனிலா எங்க நின்னா?"

பெனிலா எட்டாம் வகுப்பு. டீமிலேயே சின்னவள். வேனின் கடைசி சீட்டில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அங்ஙன நம்ம கோலுக்கு வலது மூலையில, கொடிக் கம்புக்குப் பக்கத்துல உக்காந்து பூட்ஸுக்குள்ள பேப்பரு திணிச்சிட்டு இருந்தா" என்றான் ஆன்ட்ரூஸ். "உக்காந்து இருந்தாலும் அவ நம்ம ஆளுதான? அவளயும் சேத்தா ரெண்டு பேரு. கோலு சரிதான் டீச்சர்."

டீச்சர் கண்ணை மூடி அந்த நொடியை மறுபடி ஓட்டிப் பார்த்தார். வலது மூலையை அவர் பார்க்கவே இல்லை. ஒரு ஆளை விட்டுவிட்டுக் கூட்டியிருக்கிறார். முப்பது வருட ஆசிரியர் வேலையில் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் சுழித்துவந்த அதே தப்பு. முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு வேனே சிரித்தது. பெனிலாவும் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

ஊர் முக்கில் சிலுவை நட்ட குருசடிக்கு முன்னால் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். போனில் முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது. வேன் நின்றதும் சூழ்ந்துகொண்டார்கள். ஆறுதல் சொல்லப்போகிறார்கள் என்று டீச்சர் நினைத்தார். பெண்பிள்ளைகள், முதல் தடவை, இவ்வளவு தூரம் போனதே பெரிது என்று ஏதாவது சொல்வார்கள் என்று. அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட மனதுக்குள் தயார் செய்திருந்தார்.

"ஏம்பிள்ளா, கம்பத்துல அடிச்சது எந்தக் காலு?" என்று ரெஜிஷாவிடம் ஒரு பெரியவர் கேட்டார்.

"இடது."

"எப்பவும் இடது. வலது காலு எதுக்குக் கெடக்கு, நடக்கவா?"

"வலதுக்குப் பந்து வந்தா அடிப்பேன். நீங்க வந்து போட்டுத் தாருங்க" என்றாள் ரெஜிஷா.

"ரைட் பேக்ல எட்டாங் கிளாஸ் பிள்ளையக் கொண்டு நிறுத்துனது யாரு? டீச்சர், நீங்களா?" என்றார் இன்னொருவர். "நடுவுல ஆளே இல்லியாமே. ரெண்டு கோலும் நடுவு வழியாத்தான் வந்துருக்கு."

ஒருவர்கூட ஆறுதல் சொல்லவில்லை. ஊர் அணி தோற்று வந்தால் எப்படி நிற்கவைத்துக் கேட்பார்களோ அப்படித்தான் கேட்டார்கள். வேளாங்கண்ணி கூட்டத்தை விலக்கி வந்து, மகளின் குதிகாலைப் பார்த்துவிட்டு, "தோலு உரிஞ்சு கெடக்கு. கேள்வியெல்லாம் நாளைக்கிக் கேட்டா போராதா?" என்று அதட்டினாள். யாரும் காதில் வாங்கவில்லை. ரெஜிஷாவும் நகரவில்லை. நொண்டிக் காலோடு நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. அதில் ஒரு துளி வருத்தம் இல்லை.

நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. கண்டக்டருக்கு டீச்சரைத் தெரியும். "டீச்சர், ஏறலியா?" என்று குரல் கொடுத்தார்.

"நீங்க போங்க. அடுத்ததுல வாறேன்" என்றார் டீச்சர்.

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, குடையை இடுக்கிக்கொண்டு, "சரி. அப்போ நடுவுல யாரப் போடணும்ங்கிறிய? அதச் சொல்லுங்க" என்றார்.

ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.